முறமும் மறுசுழற்சியும்

மலேசியாவில் நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் தேசிய மறுசுழற்சி நாளாகக் கொள்ளப்படுகின்றது. இப்பொருள் பற்றிப் பள்ளிகளில் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் சுவரொட்டிப் போட்டியும் நடத்தப்பெறுவதுண்டு. ரவாங் முதல் கிள்ளான் வரையுள்ள தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு ‘மறுசுழற்சி’ என்னும் சொல் புதிதன்று. பாடநூலிலேயே அதனைக் கற்கின்றனர். சொல் பரவிய அளவுக்குச் செயல் பரவியதா என வினவுவது நகராண்மைக் கழகத்தின் கடமை. அச்சொல் மாணவன் செய்யவேண்டிய செயலைச் சரியாகச் சுட்டுகின்றதா என வினவுவது தமிழாசிரியரின் கடமை. பின்னதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மலாயில் ‘கித்தார் செமுலா’ என்பர்; ஆங்கிலத்தில் ‘ரீசைக்கிளிங்’ என்பர். இரண்டும் ‘மீண்டும் சுழலச் செய்தல்’ என்னும் ஒரே கருத்துடையன. தமிழாக்கமும் அதே வழியில் அமைந்தது. சொல்லமைப்பில் பிழை காண்பதற்கில்லை. பொருள் அழிவதில்லை, வேறு வடிவில் திரும்பி வருகின்றது என்னும் உண்மையை அது சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றது. ஆயினும், அச்சொல் குறிக்கும் வேலை யாருடையது? பழைய தாளைக் கூழாக்கி மீண்டும் தாளாக்குவது ஆலை. கண்ணாடியை உடைத்து உருக்குவது உலை. அலுமினியக் குவளையை உருக்கித் தகடாக்குவதும் தொழிற்சாலையே. பள்ளிச் சிறுவனோ வீட்டுத் தலைவியோ இவற்றுள் ஒன்றையும் செய்வதில்லை. “நான் மறுசுழற்சி செய்கின்றேன்” என்று மாணவன் எழுதுவது, நெல்லை ஆலைக்கு அனுப்பியவன் “நான் அரிசி அரைத்தேன்” என்று சொல்வதை ஒக்கும்.

வீடும் பள்ளியும் செய்யவேண்டுவது வேறு. ஈரமும் உலர்ந்ததும் கலவாமல் காத்தல், புட்டியைக் கழுவி வைத்தல், தாள் வேறு தகரம் வேறு எனப் பிரித்தல் ஆகியவையே அவர்தம் பங்கு. இச்செயலுக்குரிய பெயர் ‘பிரித்தல்’. இஃது எளிய சொல். எளிமையினாலேயே போட்டி மேடையில் அதற்கு மதிப்பில்லாமற் போயிற்று.

இதன் விளைவு பள்ளிக் கட்டுரைகளில் வெளிப்படுகின்றது. இப்பொருள் பற்றிய மாதிரிக் கட்டுரை, பூமித்தாய் மாசுறுகின்றாள் என்று தொடங்கும். குறைத்தல், மறுபயனீடு, மறுசுழற்சி என மூன்று பத்தி வகுக்கும். எதிர்காலத் தலைமுறைக்காக உறுதி பூணுவோம் என்று முடியும். நடை செவ்வையாக இருக்கும், எழுத்துப்பிழை இராது. ஆனால், அதனுள் ஒரு மைலோ டின் இராது. ஒரு சாந்தான்பால் பெட்டி இராது. மீன் வாங்கி வந்த பை இராது. எந்தப் பொருளை எந்தக் கையால் எந்தத் தொட்டியில் இடுவது என்னும் செய்தி இராது. ‘வேண்டும்’ என்னும் வினை பத்து முறை வரும். செய்பவன் ஒரு முறையும் வாரான். குற்றம் பிள்ளையுடையதன்று. பொருளில்லாத சொல்லை முன்வைத்து, அதனை அழகுபடுத்துக என்று கேட்டவர்களுடையது.

பிரித்தலைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லையா என்றால், இத்துறையில் தமிழ் வறுமையுற்ற மொழியன்று. முறத்தை எடுத்துக்கொள்க. களத்தில் காற்றுக்கெதிரே தூற்றினால் பதர் விலகும். முறத்தில் புடைத்தால் உமியும் தூசும் பறக்கும். கொழித்தால் கல்லும் மணலும் ஒதுங்கும். தெள்ளினால் நொய் தனியே வரும். சல்லடையில் சலித்தால் மாவும் கப்பியும் பிரியும். நீரிலிட்டு அரித்தால் கல் அடியில் தங்கும். தூற்றுதல், புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், சலித்தல், அரித்தல் என ஆறு வினைகள்; ஆறும் பிரித்தலின் வகைகளே. பிரிந்து வந்தவற்றுக்கும் தனித்தனிப் பெயருண்டு. தவிடு மாட்டுக்கு, நொய் கஞ்சிக்கு, உமி அடுப்புக்கும், எரிந்த கரி பல் துலக்கவும் உதவின. பெயர் பெற்ற எதுவும் வீணாகவில்லை.

மலாயாவுக்கு வந்த தமிழரும் இவ்வறிவை விட்டுவிட்டு வரவில்லை. இரப்பர்த் தோட்டத்தில் மரத்தின் வெட்டிலும் மங்கிலும் காய்ந்து ஒட்டிய பாலை ‘ஒட்டுப்பால்’ எனப் பெயரிட்டுத் தனியே உரித்துச் சேர்த்தனர். அது தனியே நிறுக்கப்பட்டுத் தாழ்ந்த தர இரப்பராயிற்று, எறியப்படவில்லை. ரவாங்கின் பழைய வாழ்வுக்கு அடிப்படையான ஈயத் தொழிலிலும் இதே நெறி உண்டு. லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் 1894இல் ரவாங்கில் தங்கள் சுரங்கத்துக்கு மின்னாற்றலைக் கொணர்ந்தனர் என்பது வரலாறு. அத்தகைய பெருஞ்சுரங்கங்கள் கழித்து ஓடவிட்ட மண்ணீரில், ‘டூலாங்’ என்னும் மரத்தட்டை ஏந்திய பெண்கள் எஞ்சிய ஈயத்தை அரித்தெடுத்துப் பிழைத்தனர். முறத்தில் காற்று செய்ததைத் தட்டில் நீர் செய்தது. அவர்களுள் எவரும் மறுசுழற்சி என்னும் சொல்லைக் கேட்டதில்லை.

இனி, ‘குப்பை’ என்னும் சொல்லையும் நோக்குதல் வேண்டும். பழந்தமிழில் குப்பை என்பது குவியல் என்னும் பொருளது. செட்டிநாட்டு ஊராகிய நெற்குப்பை, நெல்லின் குவியல் என்னும் பொருளைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. புறநானூற்று 116ஆம் பாடலில், தந்தையை இழந்த பாரி மகளிர் ஒரு குப்பைமேல் ஏறி நின்று, உமணரின் உப்பு வண்டிகளை எண்ணும் காட்சியைக் கபிலர் காட்டுகின்றார். அங்கே குப்பை அவர்கள் தாழ்வுற்ற நிலையின் அடையாளமே. ஆயினும் அஃது ஈந்தின் இலைக் குப்பை என்று சொல்லப்படுகின்றது. குப்பை என்றவுடன் ‘எதன் குப்பை’ என்னும் வினாவுக்கு விடை உடன் நின்ற காலம் அது. உழவரிடத்தும் ‘வயலுக்குக் குப்பை அடித்தல்’ என்பது எருவிடுதலையே குறிக்கும்.

இன்றைய வழக்கில் அவ்வடைமொழி உதிர்ந்துவிட்டது. எதன் குவியல் என்று கேளாமல் எல்லாம் வெறுங்குப்பை ஆயிற்று. மலேசியாவில் 2012இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி, வீட்டுக் குப்பையில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு உணவுக் கழிவே. அப்பங்கு தனித்து நின்றால் எரு. தாளோடு சேர்ந்தால் தாளையும் கெடுத்துத் தானும் கெடும். ‘நெகிழி’ என்னும் சொல்லும் இத்தகையதே. புட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை நெகிழி வகைகளின் குறியீடுகள். நீர்ப்புட்டி 1, சவர்க்காரக் குழம்புப் புட்டி பெரும்பாலும் 2, நுரைபோன்ற வெண்பெட்டி 6. ஒன்றோடொன்று கலந்து உருக்கினால் தரம் கெடும். ஏழு பொருளுக்கு ஒரே பெயரிட்டுக் கற்பிப்பது, உமியையும் தவிட்டையும் நொய்யையும் ஒரே பெயரால் அழைப்பதாகும்.

‘குப்பையை ஒழிப்போம்’ என்னும் முழக்கமும் ஆய்வுக்குரியது. எறியப்பட்ட பொருள் ஒழிவதில்லை, இடம் மாறுகின்றது. கோலாலம்பூரின் குப்பை தாமான் பெரிங்கின் நிலையத்தில் பெரிய லோரிகளுக்கு மாற்றப்பட்டு, ரவாங்கிற்கும் வடக்கே உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகார் நிலத்தில் புதைக்கப்பட்டு வந்துள்ளது. நகரத்தார் ‘ஒழிந்தது’ என்று கருதியது ரவாங் வட்டாரத்தாருக்கு அயலில் வந்து சேர்ந்தது. ரவாங்கில் விடப்பட்டதும் நகரத்தைச் சேராமல் இராது. 2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவினால், சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு நீர் நின்றது. ஒழித்தல் என்பது வெறுஞ்சொல் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நல்ல சொல்லே நல்ல செயலாகிவிட்டதென்று நம்புவதால் வரும் கேட்டிற்கு ஜென்ஜாரோம் சான்று. 2018இன் தொடக்கத்தில் சீனா அயல்நாட்டு நெகிழிக் கழிவைத் தடுத்தபின், அதில் ஒரு பகுதி மலேசியாவை நோக்கித் திரும்பியது. கோலலங்காட் வட்டாரத்து ஜென்ஜாரோமில் உரிமமில்லாத தொழிற்கூடங்கள் தோன்றின. பயன்படாத நெகிழி எரிக்கப்பட்டது. புகையால் மக்கள் துன்புற்றனர். 2019 மே மாதம் கிள்ளான் துறைமுகத்தில், ஏறத்தாழ 3,000 டன் கழிவு அனுப்பிய நாடுகளுக்கே திருப்பப்படும் என அரசு அறிவித்தது. தொலைநாட்டில் தொட்டியில் இட்டவர்கள் மறுசுழற்சி செய்துவிட்டதாகவே எண்ணி மனநிறைவுற்றிருப்பர். சொல் அவர்களுக்கு, புகை இவர்களுக்கு.

அரசின் சட்டமொழி இவ்வகையில் பள்ளிமொழியைவிடத் தெளிவாயிருந்தது. 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தின்கீழ் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டார்க்கு விதிக்கப்பட்ட கடமை மறுசுழற்சி அன்று; ‘பெங்காசிங்கான்’, அதாவது பிரித்தல். அச்சட்டத்தை ஏற்ற பகுதிகளுள் கோலாலம்பூர் உண்டு. அன்று சிலாங்கூர் இல்லை. ஆகவே பிரிக்பீல்ட்ஸ் வீட்டாரைக் கட்டிய விதி ரவாங் வீட்டாரையும் கிள்ளான் வீட்டாரையும் கட்டவில்லை. சட்டம் கட்டாத இடத்தில் பழக்கமே கட்டவேண்டும். பழக்கத்தை ஊட்டுமிடம் வீடும் பள்ளியுமாதலின், அங்கு வழங்கும் சொல் செப்பமாக இருத்தல் இன்றியமையாதது.

அங்ஙனமாயின் மறுசுழற்சி என்னும் சொல்லை விலக்கிவிடலாமா? வேண்டா. அது வேரூன்றிய சொல். பாடநூல் அதனை மறுபயனீட்டினின்று வேறுபடுத்திக் காட்டுவதும் பாராட்டத்தக்கது. இயக்கத்தால் பயனில்லை என்பதும் உண்மையன்று. நாட்டின் மறுசுழற்சி விழுக்காடு 2020இல் 30.67ஆக இருந்து 2023இல் 35.38ஆக உயர்ந்துள்ளது. இவ்வுயர்வில், ஒலிபெருக்கியோடு தாமான்தோறும் வரும் பழைய பேப்பர் லோரிக்காரரின் உழைப்பும், அட்டையும் தகரமும் பொறுக்கிச் சேர்க்கும் முதியோரின் உழைப்பும் அடங்கும். கட்டுரைகளில் அவர்கட்கு இடமில்லை. வேண்டுவது சொல்லை அதற்குரிய இடத்தில் வைத்தலே: சுழற்சி ஆலையினுடையது, பிரித்தல் மாணவனுடையது.

ஆசிரியர் செய்யத்தக்கது சிறிதே. ‘மறுசுழற்சியின் நன்மைகள்’ என்னும் தலைப்பை ஓராண்டு ஓய்வுக்கு விடுக. ‘எங்கள் வீட்டுக் குப்பைக்கூடையில் இன்று இருந்தவை’ என்று எழுதச் சொல்லுக. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் கேட்க. தாளுக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, நெகிழிக்கும் உலோகத்துக்கும் செம்மஞ்சள் எனத் தொட்டியின் நிறத்தையும் எழுதச் செய்க. வீட்டில் பாட்டி இருப்பின், பிஸ்கட் டின் என்னவாயிற்று, தேங்காய் மட்டை எங்குச் சென்றது என்று கேட்டு வரச் சொல்லுக. அக்கட்டுரையில் பூமித்தாய் வாராள்; ஆனால் வினைச்சொற்கள் வரும், செய்பவனும் வருவான். ஒருமுறை முறத்தைக் கொண்டுவந்து வகுப்பில் புடைத்துக் காட்டினால், எஞ்சிய பாடத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவர்.