நூலும் நிழற்படமும்

நிழற்படத்தைத் துணியில் பதித்து, அதன்மேல் வர்ணம் தீட்டி, பலநிற நூல்களால் தைத்து முடிக்கும் இலையுதிர்காலக் காட்சிச் சித்திரங்களை இலங்கையின் வத்தேகமவிலிருந்து மதிப்பிட முற்படும் ஒருவனுக்கு முதலில் எழும் ஐயம் அவற்றின் அழகைப் பற்றியதன்று. அந்தப் பருவத்தைப் பற்றியது. காடு முழுவதும் ஒருசேரச் சிவந்து உதிரும் காலம் இங்கே இல்லை. மாத்தளைப் பக்கத்து ரப்பர் மரங்கள் தை மாசியில் இலை பழுத்துச் சொரிகின்றன. நாக மரத்திலோ சிவப்பு தளிருக்கு உரியதேயன்றிச் சருகுக்கு உரியதன்று. மேனாட்டு நாட்காட்டியிலுள்ள மேப்பிள் மரத்தை அப்படியே துணியில் ஏற்றுகிறவர், தாம் காணாத காட்சிக்காகத் தம் விரல்களின் பிரயாசை முழுவதையும் செலவிடுகிறார் என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும் இம்முறையின் குணத்தை மறைப்பது நியாயமாகாது. சித்திரம் வரையப் பயிலாத ஒரு பெண், தன் வாசலிலிருந்து எடுத்த நிழற்படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டினால் துணியில் ஒட்டவைத்த மாத்திரத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகடுகள் அளவு பிசகாமல் அவள் மடியில் வந்து அமர்ந்துவிடுகின்றன. அதற்குமேல் நூல் செய்யும் காரியமோ அற்புதமானது. ஒரே செந்நிறப் பட்டு நூலை நெடுக்காகத் தைத்தால் ஒரு சிவப்பு, குறுக்காகத் தைத்தால் மற்றொரு சிவப்பு. காண்பவர் ஓரடி நகர, ஒளியும் இழைமீது நகர்கிறது. தூரிகைக்கும் நிழற்படக் கருவிக்கும் இந்தப் பாக்கியம் இல்லை.

குறைகளில் கண்ணுக்குத் தெரிபவை சில: ஒட்டிய படலம் துணியை விறைக்கச் செய்கிறது, ஊசி குத்திய துளை அதில் மூடுவதில்லை, பின்புறம் தாங்குதுணி வையாமல் நெருக்கித் தைத்தால் சுருக்கம் விழுகிறது, வெயிலில் அச்சுமை வெளிறுகிறது. இவற்றைக் கைப்பழக்கமும் எச்சரிக்கையும் ஓரளவு தீர்க்கும். தீராத குறை வேறொன்று. நிழற்படம் சருகு, கிளை, நிழல் அனைத்தையும் முன்னமே சொல்லிவிடுவதால், பின்னால் வரும் நூல் அதன் விளிம்புகளைப் பின்தொடரும் ஏவலாளாகிவிடுகிறது. எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை, அதாவது கலைஞருக்குரிய முதல் உரிமை, தைப்பவரின் கையைவிட்டு நழுவுகிறது.

வத்தேகமவைக் கடந்து செல்லும் புகைவண்டிப் பாதை முடிவடையும் மாத்தளைக்கு அப்பால், அலுவிகாரையில் வாழ்ந்த எனா டி சில்வாவின் (1922–2015) பத்திக் துணிகளை நினைக்கும்போது இந்த உரிமையின் அருமை துலக்கமாகிறது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் விதானத்தில் அவர் ஆக்கியளித்த துணிகளில், மெழுகு மறித்த இடம் போக எஞ்சியதில் மட்டுமே சாயம் இழைக்குள் ஊறியது. விலக்குவதே அங்கே வரைவதாயிற்று. அலுவிகாரைப் பெண்களுக்குப் பத்திக்கையும் பூவேலையையும் அவர் தொழிலாக்கித் தந்தார் என்பதையும் நான் நன்றியோடு நினைக்கிறேன். எங்கள் தும்பறைப் பள்ளத்தாக்கின் நெசவாளரும் ஹண என்னும் செடியின் நாருக்கு மரமஞ்சளால் மஞ்சள் ஏற்றி, பறவையையும் மானையும் சில கோணங்களுக்குள் அடக்கிப் பாய் நெய்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்த கலை அது.

ஆகையால் நிழற்படத்தை நான் முற்றாக விலக்கச் சொல்லவில்லை. தொலைவிலுள்ள முகட்டையும் அதன் மூடுபனியையும் மட்டும் வெளிறலாகப் பதித்து, நடுநிலத்தை நீர்த்த வர்ணத்துக்கு விட்டு, முன்னே நிற்கும் நாகமரத்தை வெறுந்துணியிலேயே அந்தப் பெண் தைத்துப் பார்க்கட்டும். அந்தச் செந்தளிருக்கு எத்தனை இழை வேண்டும் என்பதை அவள் மரத்தடிக்குப் போய்த்தான் எண்ணி வரவேண்டியிருக்கும்.