பெயர்ப்பலகையும் நாவும் மண்ணும்: பிலிப்பைன்ஸில் பன்னாட்டுச் சிறுவர் தொலைக்காட்சியின் உள்ளூர்மயமாக்கல்

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டுச் சிறுவர் அலைவரிசைகள் பிலிப்பைன்ஸ் பார்வையாளருக்கென வடிவமைக்கப்படும்போது எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உள்ளூர்மயமாக்கலைப் புறத்தோற்றம், மொழி, ஆக்கவுரிமை என்னும் மூன்று நிலைகளாகப் பகுத்து, நிக்கலோடியன் அலைவரிசை, ‘செசமி!’, அதன் வழிவந்த ‘பத்திபோத்’, ஜப்பானிய அசைபடத் தொடரான ‘வோல்டஸ் ஃபைவ்’ ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொள்கிறது. முதலிரு நிலைகளும் நிறைவேறினாலும், ஆக்கவுரிமை உள்ளூரில் நிலைபெறாதவரை உள்ளூர்மயமாக்கல் முழுமையுறாது என்பதே இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: உள்ளூர்மயமாக்கல், சிறுவர் தொலைக்காட்சி, பிலிப்பைன்ஸ், குரல்மாற்றம், வழிநூல், ஆக்கவுரிமை.

முன்னுரை

ஒரு நாட்டில் உருவான சிறுவர் நிகழ்ச்சியை இன்னொரு நாட்டுக் குழந்தைக்கு ஏற்ப மாற்றுவதைத் தொலைக்காட்சித் துறை ‘உள்ளூர்மயமாக்கல்’ என்று அழைக்கிறது. இச்சொல் மிக நெகிழ்வானது. நிகழ்ச்சிகளுக்கு இடையே உள்ளூர்த் தொகுப்பாளர் ஒருவர் தோன்றிப் பேசுவதையும் அது குறிக்கிறது. நிகழ்ச்சி முழுவதையும் உள்ளூர் மொழியில் குரல்மாற்றிப் பதிவதையும் குறிக்கிறது. அயல் வடிவம் ஒன்றைப் பெற்று உள்ளூர் எழுத்தாளர்கள் புதிதாக எழுதுவதையும் குறிக்கிறது. மூன்று வேறு செயல்களை ஒரே சொல் மூடி நிற்பதால், அவற்றுள் எளியதைச் செய்துவிட்டு அரியதைச் செய்ததாகக் கூறிக்கொள்ள இடமேற்படுகிறது.

மூலத்துக்கும் அதன் வழிவந்ததற்கும் உள்ள உறவு ஒருபடித்தானதன்று என்பதைத் தமிழ் இலக்கண மரபு நன்கறியும். தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகையாகப் பகுத்து, மொழிபெயர்ப்பை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைக்கிறது. மொழி மாறுவதும் நூல் மாறுவதும் ஒன்றல்ல என்னும் அத்தெளிவு இங்குப் பயன்படும்.

பிலிப்பைன்ஸ் இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். அங்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த அமெரிக்க ஆட்சி ஆங்கிலத்தைக் கல்வி மொழியாக ஊன்றியது. 1987ஆம் ஆண்டு அரசமைப்பு, பிலிப்பினோவைத் தேசிய மொழியாகவும், பிலிப்பினோவையும் ஆங்கிலத்தையும் அலுவல் மொழிகளாகவும், வட்டார மொழிகளைத் துணை அலுவல் மொழிகளாகவும் வைத்தது. தீவுகளில் பேசப்படும் மொழிகளோ நூற்றெழுபதுக்கும் மேற்பட்டவை. இந்நாட்டில் ‘உள்ளூர் மொழி’ என்று ஒன்றைச் சுட்டுவதே ஒரு சார்புநிலையை எடுப்பதாகும்.

1. புறத்தோற்ற நிலை

நிக்கலோடியன் போன்ற கட்டண அலைவரிசைகள் தென்கிழக்காசியாவுக்குப் பொதுவாக இருந்த ஒளிபரப்பிலிருந்து பிலிப்பைன்ஸுக்கெனத் தனி ஒளிபரப்பைப் பிரித்தன. இதனால் விளம்பரங்களும் நேர அட்டவணையும் இடைநிரல்களும் உள்ளூருக்கேற்ப மாறின. நிகழ்ச்சிகள் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன. ஆங்கிலம் அலுவல் மொழியாக உள்ள நாட்டில் குரல்மாற்றச் செலவு தேவையற்றது என்னும் வணிகக் கணக்கை இதில் காணலாம். ஆங்கிலம் கற்பதற்கான வாயிலாக இவ்வலைவரிசைகளைப் பெற்றோர் கருதியதும் அக்கணக்குக்குத் துணைநின்றிருக்க வேண்டும்.

ஆனால் இதே நிறுவனத்தின் ‘ஸ்பாஞ்ச்பாப்’ ஏபிஎஸ்–சிபிஎன் என்னும் கட்டணமில்லா ஒளிபரப்பில் பிலிப்பினோ மொழி பேசியது. ஒரே கடற்பஞ்சு, ஒரே நாட்டில், ஒரு வீட்டில் ஆங்கிலமும் மறுவீட்டில் பிலிப்பினோவும் பேசிய இந்நிலை ஆழ்ந்து நோக்கத்தக்கது. எந்த மொழியில் ஒரு குழந்தை சிரிக்கும் என்பதை அதன் தாய்மொழியைவிட அவ்வீட்டின் தொலைக்காட்சி இணைப்பே பெரிதும் முடிவு செய்தது. கட்டணம் செலுத்தும் வீட்டுக்கு மூலம், செலுத்தாத வீட்டுக்கு மொழிமாற்றம் என்னும் இப்பங்கீட்டில் மொழிமாற்றம் ‘எளியோர்க்கான பதிப்பு’ என்ற தாழ்ந்த தகுதியைப் பெறுகிறது. உள்ளூர்மயமாக்கல் குறித்த பேச்சில் வர்க்கம் இடம்பெறாமற்போவதே அப்பேச்சின் பெருங்குறை.

புறத்தோற்ற நிலையின் எல்லையைக் காட்டும் நிகழ்வு ஒன்று தொலைக்காட்சிக்கு வெளியே நடந்தது. 2017 ஜனவரியில் பலவான் மாகாணத்தின் கொரோன் பகுதியில் நிக்கலோடியன் பெயரில் கடல்சார் கேளிக்கைப் பூங்காவும் விடுதியும் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளுக்கு ஊறு நேரும் என்று சூழலியலாளரும் பொதுமக்களும் எதிர்த்தனர். அவ்வாண்டிலேயே திட்டம் கைவிடப்பட்டது. திரையில் கடலடி ஊரொன்றைக் காட்டிச் சிரிக்கவைத்த அலைவரிசை, உண்மையான கடலைத் தன் பெயர்ப்பலகைக்குரிய இடமாகக் கண்டபோது, அந்நாட்டு மக்கள் அதைத் தங்கள் கடலாகக் கண்டனர். ஓரிடத்தில் பெயரை நடுவது அவ்விடத்தைச் சார்ந்ததாக மாறுவதாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

2. மொழி நிலை

குரல்மாற்றத்தைச் சொல்லுக்குச் சொல் வைக்கும் தொழிலாகக் கருதுவோர் பிலிப்பினோவின் மரியாதை அமைப்பைக் கருதவேண்டும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். பிலிப்பினோவில் ‘இக்காவ்’ ஒருமை. ‘கயோ’ பன்மை, மரியாதைக்கும் அதுவே வரும். தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ இயங்கும் முறைக்கு இது மிக நெருக்கமானது. இதற்கு மேலாக, மூத்தோரிடம் பேசும் வாக்கியத்தில் ‘போ’ என்னும் மரியாதை இடைச்சொல்லைச் சேர்க்கும்படி குழந்தை பழக்கப்படுத்தப்படுகிறது. மூத்த ஆணைக் ‘குய்யா’ என்றும் மூத்த பெண்ணை ‘ஆத்தே’ என்றும் அழைக்கிறார்கள். இவை அண்ணன், அக்காள் என்னும் உறவுப்பெயர்கள். குடும்பத்துக்கு வெளியிலும் வழங்குபவை.

எனவே, முதலாளியை எதிர்த்துப் பேசும் அசைபடப் பாத்திரம் பிலிப்பினோவில் ‘போ’ சொல்லுமா, சொல்லாதா என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். சொன்னால் மூலத்தின் துடுக்கு மழுங்கும். சொல்லாவிட்டால் பாத்திரம் வளர்ப்பற்றதாகத் தோன்றும். மூலத்தில் இல்லாத ஓர் ஒழுக்கத் தீர்ப்பு மொழிபெயர்ப்பில் தவிர்க்கவியலாமல் நுழைகிறது. இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆசிரியராகிறார். ஆயினும் ஆசிரியர் என்னும் ஏற்பு அவருக்குக் கிடைப்பதில்லை.

ஒலியளவிலும் சிக்கல் உண்டு. பிலிப்பினோ வினைகள் முற்றுப்பெறாச் செயலை அசையிரட்டித்து உணர்த்துகின்றன. உண்ணுதலைக் குறிக்கும் ‘காயின்’ என்னும் ஈரசை வேர், ‘உண்கிறான்’ என்னும் பொருளில் ‘குமக்காயின்’ என நான்கசையாக விரிகிறது. வாயசைவின் காலம் மூலத்தில் வரையறுக்கப்பட்டிருப்பதால், பேச்சை விரைவாக்க வேண்டும், அல்லது பொருளைச் சுருக்க வேண்டும். ஆங்கில வினைமேல் ‘மக்’ என்னும் முன்னொட்டைச் சேர்த்து, ‘மக்–ப்ளே’ என்பது போல ஆளும் கலப்புமொழி நகரத்துக் குழந்தைகளிடம் இயல்பாக வழங்குகிறது. காலநெருக்கடிக்கு அதுவும் கைகொடுக்கும். அக்கலப்பைத் திரையில் ஏற்பதா, தூய பிலிப்பினோவைப் பேணுவதா என்ற வினா தமிழ்க் குரல்மாற்றத் துறைக்கும் புதிதன்று.

இவற்றினும் பெரிய சிக்கல், பிலிப்பினோ மொழி தகாலோகுவை அடித்தளமாகக் கொண்டது என்பது. செபுவானோவோ இலோக்கானோவோ பேசும் வீட்டுக் குழந்தைக்குப் பிலிப்பினோக் குரல்மாற்றமும் தலைநகரிலிருந்து வரும் குரலே. தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியைக் கல்வித்துறை 2009இல் ஆணையாக வெளியிட்டது. 2013இல் அது சட்டத்தில் இடம்பெற்றது. 2024இல் இயற்றப்பட்ட சட்டம் அதன் கட்டாயத்தை நீக்கியது. பள்ளியே கைவிடத் தொடங்கிய மொழிகளைப் பன்னாட்டு அலைவரிசை ஏற்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும், தேசிய மொழியில் பேசியதும் உள்ளூர்மயமாக்கல் நிறைவுற்றதாகக் கொள்வது அக்குழந்தைகளைக் கணக்கிலிருந்து விடுவதாகும்.

3. ஆக்கவுரிமை நிலை

1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’, பல நாடுகளில் உள்ளூர்க் குழுக்களுடன் கூட்டாக்கம் செய்தது. பிலிப்பைன்ஸில் 1983இல் வந்த ‘செசமி!’, பிலிப்பினோ, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் அமைந்தது. அதற்கெனவே பொங் பகோங் என்னும் ஆமையும் கிக்கோ மட்சிங் என்னும் குரங்கும் உருவாயின. இப்பெயர்களின் பிற்பகுதிகள் ஆமை, குரங்கு என்றே பொருள்படும்.

ஆமையும் குரங்கும் அந்நாட்டுக் கதைமரபின் பழைய இணை. ஹொசே ரிசால் இக்கதையை எழுதி, 1889இல் இலண்டன் இதழொன்றில் ஜப்பானியக் கதையோடு ஒப்பிட்டு வெளியிட்டார். அவ்வெளியீட்டை நினைவுகூர்ந்தே அங்குத் தேசியச் சிறுவர் நூல் நாள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் கொண்டாடப்படுகிறது.

கூட்டாக்கம் நின்றபின் உள்ளூர்க் குழு 1985இல் ‘பத்திபோத்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. சிறிதாயினும் உறுதியானது என்பது அச்சொல்லின் பொருள். தலைமை எழுத்தாளர் ரெனே வில்யனுவேவா. நிகழ்ச்சி பிலிப்பினோ மொழியில் நின்றது. தொகுப்பாளர்கள் ‘குய்யா’, ‘ஆத்தே’ என்றே அழைக்கப்பட்டனர். குறிசொல்லும் மானாங் போலாவும், வாசிப்பையே வலிமையாகக் கொண்ட கப்பித்தான் பாசாவும் அதன் பாத்திரங்கள். மரியாதைச் சிக்கல் இங்கு எழவே இல்லை. ஏனெனில் உரையாடல் அவ்வமைப்புக்குள்ளேயே பிறந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியிலும் எடுக்க நேர்ந்த முடிவை எழுத்தாளர் எழுதத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுகிறார்.

ஆனால் ஆமைக்கும் குரங்குக்குமான உரிமை அமெரிக்க நிறுவனத்திடம் இருந்தது. பின்னர் அவ்விரு பாத்திரங்களும் ‘பத்திபோத்’திலிருந்து விலக நேர்ந்தது. மக்களின் கதைமரபில் வழங்கிய இணை, பொம்மையாகத் தைக்கப்பட்டதும் ஒப்பந்தப் பொருளாயிற்று. அவற்றின் பெயரும் பேச்சும் நாட்டினுடையவை. உரிமை மட்டுமே அயலாருடையது. அந்த ஒன்றே மற்றவற்றை வென்றது. உள்ளூர்மயமாக்கலின் ஆழத்தை அளக்கத்தக்க வினா இதிலிருந்து கிடைக்கிறது: அயல் நிறுவனம் விலகிச் செல்லும் நாளில் குழந்தைகளிடம் எஞ்சுவது எது?

‘பத்திபோத்’ இவ்வினாவுக்கு இருவகை விடையும் தருகிறது. பொம்மைகள் போயின, எழுதக் கற்ற குழு எஞ்சியது. நிகழ்ச்சி அவற்றை இழந்தும் தொடர்ந்து நடந்தது. 2010இல் மீண்டும் புத்துயிர் பெற்றது. வடிவத்தைக் கடன்பெற்று ஆற்றலை வளர்த்துக்கொண்ட வழிநூல் இது.

4. ஒரு மறுப்பும் அதன் எல்லையும்

ஆக்கவுரிமைக்கு இத்துணை முதன்மை தருவதை மறுக்கத்தக்க சான்றும் உண்டு. ஜப்பானிய ‘வோல்டஸ் ஃபைவ்’ 1978இல் பிலிப்பைன்ஸில் ஆங்கிலக் குரல்மாற்றத்துடன் ஒளிபரப்பானது. தொடக்கப் பாடல் ஜப்பானிய மொழியிலேயே இருந்தது. பொருள் தெரியாமலேயே குழந்தைகள் அதைப் பாடினர். 1979இல் மார்க்கோஸ் அரசு, வன்முறையைக் காரணங்காட்டி, இறுதிப் பகுதிகள் வருமுன் தொடரைத் தடைசெய்தது. கொம்புள்ளோர் கொம்பில்லாதோரை அடிமைப்படுத்தும் பேரரசுக்கு எதிரான கதை அது என்பதால், இராணுவச் சட்டக் காலத்தில் வாழ்ந்தோர் தடைக்கு வேறு காரணம் கண்டனர். அத்தலைமுறைக்குத் ‘வோல்டஸ்’ தம் நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியாயிற்று.

யாரும் உள்ளூர்மயமாக்காத பனுவல் பார்வையாளரால் உள்ளூராயிற்று என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒரு தடையும் ஒரு தலைமுறையின் நினைவும் தேவைப்பட்டன. இதை எந்த அலைவரிசையும் திட்டமிட்டுத் தர இயலாது. அந்நினைவு 2023இல் ‘வோல்டஸ் ஃபைவ்: லெகசி’ என நாட்டவரே நடித்த தொடரானபோது, அதை எழுதி நடிக்கும் ஆற்றல் உள்ளூர்த் தொலைக்காட்சியிடம் இருக்க வேண்டியிருந்தது. பார்வையாளரின் ஏற்பும் இறுதியில் ஆக்கத்தையே நாடியது.

5. சட்டமும் சந்தையும்

1997ஆம் ஆண்டுச் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் தேசியச் சிறுவர் தொலைக்காட்சி மன்றத்தை நிறுவியது. நாளொன்றின் ஒளிபரப்பு நேரத்தில் குறைந்தது 15 விழுக்காட்டைச் சிறுவர்க்கு உகந்த நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கக் கோரியது. இவ்விகிதம் நேரத்தை அளக்கிறது. அந்நேரம் யாருடைய எழுத்தால் நிரம்புகிறது என்பதை விகிதத்தால் அளக்க இயலாது. 2020இல் ஏபிஎஸ்–சிபிஎன் ஒளிபரப்புரிமம் முடிந்து, புதிய உரிமம் மறுக்கப்பட்டது. 2021 அக்டோபரில் டிஸ்னி சேனல் தென்கிழக்காசியாவில் ஒளிபரப்பை நிறுத்தியது. அந்நிறுவனத்தின் இணையவழிச் சேவை பிலிப்பைன்ஸுக்கு 2022 நவம்பரில்தான் வந்தது. ஓர் அலைவரிசை குழந்தைகளின் அன்றாடத்தில் எவ்வளவு ஊன்றியிருந்தாலும், அதன் இருப்பை உரிமமும் வணிக முடிவும் தீர்மானிக்கின்றன.

முடிவுரை

புறத்தோற்றத்தை மாற்றுவது எளிது. மொழியை மாற்றுவது அரிது. எழுதும் உரிமையைப் பகிர்வது அதனினும் அரிது. பிலிப்பைன்ஸில் பன்னாட்டு அலைவரிசைகள் பெரும்பாலும் முதல் நிலையில் நின்றன. மொழிநிலையின் சுமையைக் கட்டணமில்லா உள்ளூர் ஒளிபரப்பு ஏற்றது. மூன்றாம் நிலையை எட்டிய முயற்சி, தான் உருவாக்கிய பாத்திரங்களை இழந்து நிலைபெற்றது. ஆகவே உள்ளூர்மயமாக்கலை மதிப்பிடும் ஆய்வுகள் எத்தனை மொழிகளில் குரல்மாற்றம் நிகழ்ந்தது என்று எண்ணுவதோடு நில்லாமல், எழுத்தாளர் எவர், பாத்திர உரிமை எவரிடம், எந்த வீட்டுக்கு எந்த மொழி என்னும் மூன்றையும் கேட்க வேண்டும். ஆமையும் குரங்கும் ரிசாலுக்கு முன்பும் அத்தீவுகளில் வழங்கின; ஒப்பந்தம் முடிந்த பின்பும் வழங்குகின்றன. அவற்றுக்குப் புதிய குரல் தரும் எழுத்தாளரை வளர்ப்பதே எஞ்சியுள்ள பணி.