வெட்டிவேர்த் தட்டி

கத்திரி வெயிலில் மேற்கு ஜன்னலில் தொங்கும் வெட்டிவேர்த் தட்டிக்கு நிகரான சிக்கனக் குளிர்ச்சி எனக்குத் தெரியாது. தண்ணீர் தெளித்ததும் வேரின் வாசம் அறை முழுக்கப் பரவும். அதற்காகவே ஒன்று வாங்கலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியை உள்ளே வரும் காற்றே கொடுத்துவிட்டுக் குளிர்ந்துபோகிறது. வேலூர், மதுரையின் வறண்ட அனலில் இது அருமை. சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவாகப் பலிக்காது. அங்கே தாத்தா பாட்டிக்கு ஈரத்துண்டால் கைகால் துடைத்து, மின்விசிறி போடுவது மேல். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும், வியர்வையும் குறையும். அவர்கள் கேட்கட்டும் என்றிராமல் பானைத் தண்ணீரை நாமே நீட்டவேண்டும். இரவில் தட்டியைச் சுருட்டாமல் காயவிடுங்கள். ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.