செப்பாக்கத்துச் சாம்பலும் படுக்கைக் கிணறும்

வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் உடைந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்ததை எதிர்த்து, மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களான நம் கண்ணில் அந்தக் குட்டை படுவதில்லை. ஆனால் பூண்டி ஏரியின் உபரிநீர் அதே கொசஸ்தலையாற்றின் வழியே நமக்கு வடக்கே ஓடி எண்ணூரில்தான் கடலைச் சேர்கிறது.

இத்தகைய குட்டைகளில் தேங்கிய நீரை வடிக்க அமெரிக்காவில் கையாளும் வழிகளில் ஒன்று கிடைமட்டக் கிணறு, அதாவது படுக்கைக் கிணறு. கரைக்கு வெளியே இயந்திரத்தை நிறுத்திச் சாய்வாகத் துளைத்து, சாம்பலின் அடிப்பகுதியில் துளையிட்ட குழாயைப் படுக்கையாகச் செலுத்துவார்கள். இதன் பெரிய பலம் உயிர்க்காப்பு. ஈரச் சாம்பல் மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும்; அதிர்வு பட்டால் இளகிவிடும். அதன்மேல் ஆளையும் வண்டியையும் ஏற்றாமலே வேலை நடக்கிறது. நீர் இறங்கினால் கரைமீதுள்ள அழுத்தமும் குறையும். 2008 டிசம்பரில் டென்னசியின் கிங்ஸ்டனிலும், 2020 ஏப்ரலில் சிங்ரௌலியின் சாசனிலும் உடைந்த சாம்பல் குட்டைக் கரைகளை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. சாசனில் உயிர்களே போயின.

குறைகள் சாம்பலின் இயல்பிலேயே இருக்கின்றன. கூழாக வந்த சாம்பல் அடுக்கடுக்காகப் படிகிறது. நீர் பக்கவாட்டில் எளிதாக நகரும், கீழ்நோக்கி எளிதில் இறங்காது. செங்குத்துக் கிணறு எல்லா அடுக்குகளையும் வெட்டிச் செல்கிறது. படுக்கைக் குழாயோ நீர் தன்னிடம் இறங்கிவரக் காத்திருக்க வேண்டும். மாவு போன்ற துகள்கள் குழாயின் துளைகளை அடைக்கும். நுண்ணிய இடுக்குகளில் பிடித்துவைத்த ஈரம் எந்தக் குழாய்க்கும் வராது. வெளியேறும் நீரிலோ ஆர்சனிக், செலினியம், போரான் கரைந்திருக்கக்கூடும். சுத்திகரிக்காமல் கழிமுகத்தில் விட்டால் பழைய குற்றத்தைப் புதுக் குழாயில் செய்வதாகும்.

கூழ் வந்துகொண்டே இருக்கும் குட்டையில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், இந்தக் கிணற்றை நம்புவது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பது போல. முதலில் சாம்பலை உலர்வாகவே எடுத்துச் சிமென்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்பியாக வேண்டும்.

என் பெரிய அச்சம் வேறு. மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கை, தேங்கிய பழைய சாம்பலைப் பத்தாண்டுகளில் பயன்படுத்தித் தீர்க்கச் சொல்கிறது; கெட்டிப்பட்டு மரம் நட்டு மீட்கப்பட்ட குட்டைகளுக்கு விலக்கு தருகிறது. நீரை வடித்து, மேலே மண்ணைப் போட்டு, கன்று நட்டுக் கணக்கை முடிக்க இந்த நுட்பம் உதவிவிடக் கூடாது. செப்பாக்கத்தில் கிணறு போடுவதானால், வடிந்த பகுதியிலிருந்து சாம்பலை எப்போது, எங்கே அள்ளிப் போவார்கள் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.