ஒம்போது வாட்டுதானே

அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்குள் குனிந்து நுழைகிறவர் யாராக இருந்தாலும், நாலு எட்டு வைத்ததும் மேலே கை நீட்டிப் பந்தல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். கல்தூண்களின் தலையில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பி வலை அது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை படர்வது அதன்மேல்தான். மோட்டாருக்குப் போகும் வயர் எங்கோ ஒரு மூலையில் தோலுரிந்து அந்தக் கம்பியில் பட்டால், மறுமூலையில் நிற்பவருக்கும் அடி விழும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் பந்தல் பக்கம் வயர் இழுக்கும்போது யாரும் அசட்டையாக இருப்பதில்லை.

அதே ஊரில் கொல்லைப்புறத்தில் சிப்பிக்காளான் குடில் போட்டிருந்த என் சித்தப்பா மகனைப் பார்க்கப் போனேன். கீற்றுக் கூரை, சுற்றிலும் நனைத்த சாக்கு, தரையில் ஈர மணல். உறிகளில் வைக்கோல் படுக்கைகள் தொங்கின. அடுக்களை பிளக்கில் ஒரு டூ பின்னைச் செருகி, ஜன்னல் வழியாக இரட்டை வயரை இழுத்து, வழியில் இரண்டு இடத்தில் முறுக்கி டேப் சுற்றி, கடைசியில் வரிசையாகப் பத்து ஸ்க்ரூ ஹோல்டர் மாட்டியிருந்தான். ஒரு ஓரத்தில் இரும்பு ஆங்கிள் ரேக்கில் தக்காளி நாற்றுத் தட்டுகள்; அவற்றுக்கு மேலேயும் பல்பு.

“என்னடா வயரிங் இது?”

“ஒம்போது வாட்டு பல்புதாண்ணே. இதுல என்ன ஆகப்போகுது?”

வீட்டுக்குள் செடியும் காளானும் வளர்க்கிற பலரும் சொல்கிற வார்த்தை இது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் சிக்கல்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து எல்.இ.டி. பல்பும் சேர்ந்து 90 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றே 100 வாட் தின்றது; தின்றதில் பெரும்பகுதியைச் சூடாகக் கக்கியது. கீற்றுக் கொட்டகையில் அதைத் தொங்கவிட்டவர்கள் நெருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவர்கள். இன்று அந்தப் பயம் பெருமளவு குறைந்துவிட்டது. 230 வோல்ட்டில் 90 வாட் என்றால் 0.4 ஆம்பியர்தான். சாதாரண 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு அது ஒரு சுமையே இல்லை. இன்னொன்றும் உண்டு: அவன் கட்டியதில் எது பழுதானாலும் உத்தமபாளையத்தில் சாமான் கிடைக்கும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஆன்லைனில் வரும் மூடி முத்திரையிட்ட வளர்ப்பு விளக்குகள் பழுதானால் தூக்கிப் போடத்தான் வேண்டும். பிரித்து மாட்டும் இந்தச் சாமர்த்தியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் வாட் என்பது வயர் எவ்வளவு சுமக்கிறது என்பதற்குக் கணக்கு. ஆளுக்கு என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு அதுவல்ல. பல்பு ஒன்பது வாட்டானாலும் ஹோல்டரில் நிற்பது அதே 230 வோல்ட். ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடல், சுமாராக 1000 ஓம் தடையே காட்டும். அப்படியானால் அவர் வழியே ஓடக்கூடியது 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். நெஞ்சின் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு சிறு பங்கே போதும். மீட்டர் பெட்டியில் 6 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறதே என்றால், அது 6 ஆம்பியர் தாண்டினால்தான் கண் திறக்கும். அது வயரைக் காப்பாற்ற வைத்த காவலாளி. ஆள் துடிப்பது அதற்குத் தெரியாது.

காளான் குடிலின் ஈரமோ தற்செயலாக வருவதல்ல. காற்றில் 80, 85 சதவீதம் ஈரம் நின்றால்தான் மொட்டு விரியும். சாக்கும் மணலும் நனைந்துகொண்டே இருக்க வேண்டும், ஸ்பிரேயர் ஓயக்கூடாது. அந்த ஈரம் டேப் சுற்றிய ஜாயிண்டுக்குள்ளும் ஹோல்டருக்குள்ளும் போய் உட்காரும். பச்சை பூத்த செம்பு, தளர்ந்த ஸ்க்ரூ, தினமும் பல மணி நேரம் எரியும் விளக்கு என்று எல்லாம் கூடுகிற இடம் அது.

நான் அதிகம் பயந்தது ஈரத்துக்குக்கூட இல்லை, அந்த டூ பின்னுக்கு. ஸ்க்ரூ ஹோல்டரில் பேஸ் நடுப்புள்ளிக்கும், நியூட்ரல் திருகு மரைக்கும் போக வேண்டும். பல்பைத் திருகும்போது விரல் படக்கூடிய இடம் மரை என்பதால் இந்த ஏற்பாடு. டூ பின்னுக்கு மேல் கீழ் கிடையாது. இன்று ஒரு மாதிரி செருகுவான், நாளை அவன் மனைவி திருப்பிச் செருகுவாள். திருப்பிய அன்று பேஸ் மரையில் நிற்கும். வயரில் கோத்த சுவிட்சும் அன்றைக்கு நியூட்ரலைத்தான் வெட்டும். விளக்கு அணையும், ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். சுவிட்ச் போட்டும் அணைத்தும் பார்த்துவிட்டுத் தைரியமாகக் கை வைப்பவரை ஏமாற்ற இதைவிடச் சுலபமான வழி இல்லை. அழுத்தித் திருகும் நம் வழக்கமான ஹோல்டரில் மரை வம்பு கிடையாது. என்றாலும் சுவிட்ச் நியூட்ரலில் விழுந்தால் அதன் உள்முனைகளும் இப்படித்தான்.

த்ரீ பின் இதற்கு விடை. பேஸும் நியூட்ரலும் இடம் மாறாது. எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளம், தடிமன். செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். இவ்வளவு யோசித்துச் செய்ததை நாம் என்ன செய்கிறோம்? எர்த் துளையில் பேனா மூடியைக் குத்தி உள்ளே இருக்கும் தடுப்பைத் திறந்து, டூ பின்னைச் செருகுகிறோம். ரேக்குக்கு எர்த் இல்லாவிட்டால் அது சின்னப் பந்தல். நாற்றுக்குப் பூவாளியில் தண்ணீர் தெளிக்கும் கை அந்தக் கம்பிப் பந்தலைத்தான் பிடிக்கிறது.

ஆர்.சி.சி.பி. வைத்தால் எல்லாம் சரி என்பவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. போகிற கரண்டும் திரும்பும் கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அது வெட்டிவிடும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. ஆனால் ஒரு கையில் பேஸும் மறுகையில் நியூட்ரலும் பட்டால் அதற்கு எதுவும் தெரியாது. ஈரக் குடிலில் கசிவு சேர்ந்து நடுராத்திரி டிரிப் ஆகும். இரண்டு நாள் பொறுப்பார்கள், மூன்றாம் நாள் வயர்மேனைக் கூப்பிட்டு நேராக இணைத்துவிடச் சொல்வார்கள். குடிலுக்குத் தனி லைன், தனி ஆர்.சி.சி.பி. என்று பிரித்தால் வீடு இருளாது, பிடுங்கிப் போடும் ஆசையும் வராது.

இத்தனைக்கும் நடுவில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று: காளானுக்கு எதற்குப் பத்து பல்பு? வித்து பரவும் 15, 20 நாளும் அதற்கு இருட்டுதான் வேண்டும். மொட்டு விடும்போது மங்கிய வெளிச்சமும் நல்ல காற்றோட்டமும் போதும். இலையா பச்சையமா, வெளிச்சத்தைச் சாப்பிட? நாற்றின் கதை வேறு. அதற்குத் தினமும் 12 முதல் 16 மணி நேரம், கைக்கெட்டும் உயரத்தில் விளக்கு எரிந்தாக வேண்டும். ஆகவே மூடிய பிட்டிங், எர்த் செய்த ரேக், பிளக்குக்குக் கீழே தாழ்ந்து தொங்கி நீரைச் சொட்டவிட்டு மேலேறும் வயர் என்று முழுக் கவனமும் செலவும் அங்கே போகட்டும். காளானுக்கு இரண்டு பல்பைக் குடிலுக்கு வெளியே, வலை ஜன்னலை ஒட்டி மாட்டினால் போதும். இதை நான் சொன்னபோது தம்பி சிரித்தான். “அப்ப ராத்திரி பறிக்க எப்படிண்ணே கண்ணு தெரியும்?” அந்தப் பத்து பல்பும் காளானுக்கு இல்லை, அவனுக்குத்தான் என்பது அப்போது புரிந்தது.

போன வாரம் போயிருந்தேன். நாற்று ரேக் கொட்டகையைவிட்டுத் திண்ணைக்கு வந்திருந்தது, த்ரீ பின்னோடு. எர்த் குழி கோடையில் காயாமல் இருக்க, வைக்கோல் ஊறவைத்த தண்ணீரை அதில் ஊற்றுகிறார்களாம். குடிலுக்குள் வயரே இல்லை. அவன் நெற்றியில் ஒரு பேட்டரி ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தான்.