காவலாளி துடைத்த தரை

லிஸ்பன் நகரின் குல்பென்கியன் அருங்காட்சியகம் 1969-இல் திறக்கப்பட்டது. எண்ணெய் வணிகத்தில் கொழித்த ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. பெத்ரோ கோஸ்தாவின் ‘ஜுவெந்தூத் எம் மார்ச்சா’ (2006) படத்தில் வெந்தூரா என்ற முதியவர் அங்கே போகிறார். கறுப்புக் கோட்டு, நெடிய உடம்பு. ரூபன்ஸ் வரைந்த ஓவியம் மாட்டிய சுவரோரம் பேசாமல் நிற்கிறார். காவலாளி வருகிறார். அவரும் ஆப்பிரிக்கர்தான். மெதுவாக ஏதோ சொல்லி வெந்தூராவை வெளியே அனுப்புகிறார். பிறகு கைக்குட்டையை எடுத்து, அவர் நின்ற இடத்தில் தரையைத் துடைக்கிறார்.

அடுத்து தோட்டத்தில் உட்கார்ந்து பேசும்போதுதான் நமக்குத் தெரிகிறது, இந்த இடத்தைக் கட்டிய கூலியாட்களில் வெந்தூராவும் ஒருவர் என்று.

முதல்முறை பார்த்தபோது இந்தக் காட்சி எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ‘சரி, புரியுது, கட்டினவனுக்கே உள்ளே இடமில்லை’ என்று கடந்து போய்விட்டேன். இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் அந்தத் துடைப்பு உறுத்தியது. அங்கே யாரும் யாரையும் அவமதிக்கவில்லை, குரல்கூட உயரவில்லை. ஒருவர் தன் வேலையைச் செய்கிறார், அவ்வளவுதான். ஒரு சமூகம் தன் வரலாற்றிலிருந்து ஒரு ஆளை நீக்குவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும் போல: சத்தமில்லாமல், சம்பளத்துக்கு வேலை செய்யும் இன்னொரு ஏழையின் கையால்.

வெளிநாட்டுப் படங்களை ‘அந்த நாட்டைப் பார்க்கும் சன்னல்’ என்று சொல்வது நமக்குப் பழகிவிட்டது. போர்ச்சுகல் விஷயத்தில் இந்தச் சொல்லை நான் கொஞ்சம் சந்தேகிக்கிறேன். அந்த நாட்டில் சன்னலை வரைந்து கொடுத்ததே அரசாங்கம்தான்.

*

1934-இல் போர்ட்டோ நகரில் காலனியக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதை ஒட்டி என்ரீக் கல்வாவ் ஒரு வரைபடம் தயாரித்தார். ஐரோப்பாவின் மேல் அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் வெட்டி ஒட்டியதுபோல அச்சிட்ட படம் அது. தலைப்பு: ‘போர்ச்சுகல் சிறிய நாடல்ல’. பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கிய அந்தப் படத்தைப் பார்த்தே ஒரு தலைமுறை பூகோளம் படித்தது. வேடிக்கை என்னவென்றால், அதே கல்வாவ் பின்னாளில் சலசாருக்கு எதிரியாகி, 1961-இல் ‘சாந்தா மரியா’ என்ற பயணக் கப்பலைக் கடத்தினார். படம் வரைந்தவரே அந்தப் படத்திலிருந்து தப்பி ஓட வேண்டியிருந்தது.

1938-இல் இன்னொரு படம். சலசார் அரசில் நுழைந்து 10 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட ‘சலசாரின் பாடம்’ என்ற பெயரில் ஏழு சுவரொட்டிகள் அச்சாகிப் பள்ளிகளுக்குப் போயின. அதில் மார்த்தின்ஸ் பராத்தா வரைந்தது ‘கடவுள், தாய்நாடு, குடும்பம்’. ஒரு கிராமத்து வீடு. வயலிலிருந்து அப்பா வீட்டுக்குள் நுழைகிறார். அம்மா அடுப்படியில். பையன் இளைஞர் படைச் சீருடையில் நிற்கிறான். சிலுவை வைத்த சிறு பீடம். வெளியே தூரத்தில் கோட்டை, அதன் மேல் கொடி.

இந்தச் சுவரொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தால், அதில் இல்லாதவை தெரியத் தொடங்கும். மின்விளக்கு இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, செய்தித்தாள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாதிக்கு மேல் இருந்த நாட்டில், வறுமையைத் தீர்க்க வேண்டிய பிரச்சனையாகக் காட்டாமல் ஒழுக்கமாக வரைந்து காட்டினார்கள். ‘உன்னிடம் இருப்பதே போதும், இடத்தை விட்டு நகராதே’ என்பதுதான் பாடம்.

ஆனால் மக்கள் நகர்ந்தார்கள். 1961-இல் அங்கோலாவில் போர் தொடங்கியது, பிறகு கினியில், மொசாம்பிக்கில். இளைஞர்கள் போருக்கு அனுப்பப்பட்டார்கள். இன்னும் லட்சக்கணக்கானோர் பிழைப்புக்காகப் பிரான்சுக்குப் போனார்கள், பலர் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி. அப்போ லிஸ்பனில் கட்டடம் கட்ட ஆள்? கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தார்கள். வெந்தூரா வந்தது இந்த வரிசையில்தான். சுவரொட்டியில் இருந்த அப்பா பாரிசுக்குப் போய்விட்டார், அவர் விட்டுப்போன வேலைக்கு, அந்தப் படத்தில் ஒருபோதும் இடம்பெறாத ஒருவர் வந்து சேர்ந்தார்.

*

அந்த அரசு எடுத்த இன்னொரு வகைப் படமும் உண்டு. பீதே என்ற அரசியல் காவல்துறை கைதிகளைப் பிடித்ததும் எடுத்த புகைப்படங்கள். நேர்முகம், பக்கவாட்டு முகம், ஒரு எண். தரவுத்தளங்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் எனக்கு இது பழகிய வடிவம்தான்: ஒரு ஆளை ஒரு வரிசையில் அடக்குவது. சுசானா தி சோசா தியஸ் எடுத்த ‘48’ என்ற படம் ஏறக்குறைய முழுக்கவும் இந்தப் புகைப்படங்களால் ஆனது. 1926 முதல் 1974 வரையிலான சர்வாதிகார ஆண்டுகளின் கணக்குதான் தலைப்பு.

தொண்ணூறு நிமிடங்களுக்கு மேல் முகங்கள் மட்டும். பின்னணியில் அந்த முன்னாள் கைதிகளின் இன்றைய குரல். அவர்கள் தங்கள் புகைப்படத்தைப் பார்த்தே பேசத் தொடங்குகிறார்கள்: அன்று ஏன் என் முகம் அப்படி இருந்தது, அதற்கு முந்தைய இரவு என்ன நடந்தது. ஒரே ஆள் சில ஆண்டுகள் கழித்து மறுபடி கைதானபோது எடுத்த படம் அடுத்து வரும். இரண்டு படங்களுக்கும் நடுவில் உள்ள முதுமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேச்சின் இடையே மூச்சு, நாற்காலி கிறீச்சிடும் ஓசை, நீண்ட மௌனம். எதையும் இயக்குநர் வெட்டவில்லை. ஆப்பிரிக்கக் கைதிகள் பேசும்போது திரை இருண்டுவிடுகிறது, ஏனென்றால் காட்டுவதற்கு அவர்களின் புகைப்படங்கள் இல்லை. வெள்ளைக் கைதிக்குக் குறைந்தபட்சம் குற்றவாளியாகவாவது ஒரு முகம் மிஞ்சியது.

இந்தப் படம் என்னை உலுக்கக் காரணம், அது புதிதாக எதையும் படம்பிடித்துக் காட்டவில்லை என்பதுதான். ஆளை ஒடுக்குவதற்காக எடுத்த அதே படத்தை எடுத்து, அதே ஆளிடம் திருப்பிக் கொடுக்கிறது. காவல்துறையின் சாட்சியம் இங்கே காவல்துறைக்கு எதிரான சாட்சியமாகிறது.

*

கோஸ்தாவுக்கு வருவோம். 1997-இல் அவர் ‘ஓசோஸ்’ படத்தை லிஸ்பனை ஒட்டிய ஃபொந்தாய்னியாஸ் குடிசைப் பகுதியில் எடுத்தார். வழக்கமான படப்பிடிப்பு: 35 மிமீ கேமரா, லாரிகள், குறுகிய சந்துகளில் இரவெல்லாம் எரியும் பெரிய விளக்குகள். அங்கே வாழ்ந்தவர்களோ விடியுமுன் எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர்கள். தூக்கம் கெட்டது. ஏழைகளைப் பற்றிய படம் ஏழைகளின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

இதை ஒரு அறச்சிக்கலாக எடுத்துக்கொண்டதில்தான் கோஸ்தாவின் திருப்பம் இருக்கிறது. அடுத்த படமான ‘நோ குவார்த்து த வாந்தா’வுக்கு (2000) அவர் ஒரு சிறிய டிஜிட்டல் கேமராவோடு தினமும் வேலைக்குப் போவதுபோல அங்கே போனார். வாந்தா துவார்த்தே தன் அறையில் ஹெராயின் புகைக்கிறாள், இருமுகிறாள், தங்கையோடு பேசுகிறாள், வீடு வீடாகக் காய்கறி விற்கிறாள். வெளியே இயந்திரங்கள் அந்தப் பகுதியையே இடித்துக்கொண்டிருக்கின்றன. ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். கதை என்று கேட்டால், ஒரு அறை இருக்கிறது, அதன் சுவருக்கு அந்தப் பக்கம் ஊர் இல்லாமல் போகிறது.

‘ஜுவெந்தூத் எம் மார்ச்சா’வில் எல்லோரும் புதிய அடுக்கு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். வெள்ளைச் சுவர், கண் கூசும் வெளிச்சம். பழைய வீட்டின் கறைபடிந்த சுவரில் வெந்தூராவும் ஒரு பெண்ணும் மிருகங்களையும் உருவங்களையும் கண்டுபிடித்து விளையாடும் காட்சி ஒன்று உண்டு. வெள்ளை அறைக்குப் போனபின் இதெல்லாம் தெரியாது என்ற பேச்சு வருகிறது. குடிசையைப் புனிதப்படுத்தும் பேச்சு என்று இதை ஒதுக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழாயும் கழிப்பறையும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வீடு கொடுத்த அரசு, கூடவே எதை எடுத்துக்கொண்டது என்று கேட்கிறார்கள்.

*

கோஸ்தா மீது நியாயமான ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. படத்துக்குப் படம் அவர் சட்டகம் அழகாகிக்கொண்டே போகிறது. ‘கவாலு தின்யெய்ரு’வில் (2014) மனிதர்கள் சிலைபோல நிற்கிறார்கள், இருட்டிலிருந்து ஒரு கன்னமும் ஒரு கையும் மட்டும் ஒளிர்கின்றன. இதுவும் ஒரு அருங்காட்சியகம்தானே? ரூபன்ஸ் இருந்த சுவரில் வெந்தூராவை மாட்டிவிட்டால் நியாயம் கிடைத்துவிடுமா? திரைவிழாவில் கைதட்டுகிற நம்மைப் போன்றவர்கள் தரை துடைக்காத காவலாளிகள், அவ்வளவுதானா?

இந்தக் கேள்விக்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் அதே படம் ஒன்றைச் செய்கிறது. 1974 ஏப்ரல் 25 என்றதும் உலகம் பார்த்தது துப்பாக்கிக் குழலில் செருகிய சிவப்புக் கார்னேஷன் பூக்களை. வெந்தூராவுக்கு நினைவிருப்பதோ பயம்: தெருவில் வீரர்கள், ஒளிந்துகொள்ள வேண்டிய ஒரு கறுப்பு இளைஞன். மின்தூக்கிக்குள் அசையாத ஒரு சிப்பாயோடு அவர் வெகுநேரம் மாட்டிக்கொள்கிறார், மண்டைக்குள் குரல்கள் ஓய மறுக்கின்றன. புரட்சி பொய் என்று படம் சொல்லவில்லை. அது யாருடைய புரட்சி என்று கேட்கிறது. பூ வைத்த புகைப்படம் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை இந்த நடுக்கமும். இந்த நடுக்கத்துக்குப் புகைப்படம் இல்லாததால் சினிமா தேவைப்பட்டது.

அந்தப் படத்தில் ஒரு பெண் சான்றிதழ்களைக் கிசுகிசுப்பாக வாசிப்பார். அவர் பெயரிலேயே அடுத்த படம் வந்தது: ‘விதாலினா வரேலா’ (2019). விமானச் சீட்டுக்காக 25 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, கணவனின் அடக்கம் முடிந்து மூன்று நாள் கழித்து லிஸ்பனில் இறங்குகிறார், வெறுங்காலோடு. ‘இங்கே உனக்கு ஒன்றுமில்லை, திரும்பிப் போ’ என்கிறார்கள் விமான நிலையத் துப்புரவுப் பெண்கள். அவர் போகவில்லை. வெந்தூராவின் படங்களில் நான் கவனிக்கத் தவறிய ஒன்றை இந்தப் படம் காட்டியது: வேலைக்காகக் கடல் தாண்டிய ஆணின் துயரத்தைப் பேசும்போதெல்லாம், தீவில் காத்திருந்தவளின் கணக்கை யாரும் எழுதவில்லை.

படத்தின் முடிவில் கேப் வெர்டே மலையில் ஒரு இளம் தம்பதி கல் மேல் கல்லாக வைத்து வீடு கட்டுகிறார்கள். 1938 சுவரொட்டியில் வீடு ஏற்கனவே கட்டி முடிந்திருந்தது. அதை யார் கட்டினார்கள் என்று அந்தப் படம் சொல்லவேயில்லை. இங்கே கட்டுகிற கை தெரிகிறது, அந்தக் கை இரண்டு பேருடையது.