எடையா, பிழிதிறனா?

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி அனுப்புகிறவருக்கு எடைமேடை காட்டும் டன் கண்ணெதிரே தெரியும். அந்தக் கரும்பில் சர்க்கரை எவ்வளவு என்பதைப் பிழிதிறன்தான் சொல்லும். மென்பொருள் வடிவமைப்பை அளப்பதாகச் சொல்லும் எண்களிடமும் இதையே கேட்க வேண்டியிருக்கிறது: நீங்கள் காட்டுவது பிழிதிறனா, வெறும் எடையா?

பொருள்நோக்கு நிரல்களுக்காக 1994-இல் ஷியாம் சிதம்பரும் கிறிஸ் கெமரரும் வகுத்த ஆறு அளவைகள்தான் இன்றும் முதலில் பேசப்படுகின்றன. ஒரு கிளாஸ் (தரவும் அதைக் கையாளும் மெத்தட்களும் சேர்ந்த நிரல் அலகு) எத்தனை கிளாஸ்களோடு பிணைந்திருக்கிறது என்ற எண்ணிக்கை அவற்றில் ஒன்று. ஓரிடத்தில் கைவைத்தால் வேறெங்கோ உடைவதைப் பார்த்தவர்கள் அதன் அருமையை மறுக்க மாட்டார்கள்.

அதே ஆறில் இன்னொன்றான, ஒரு கிளாஸின் மெத்தட்கள் பொதுத்தரவின்றிச் சிதறியிருக்கும் உள்ளொட்டுக் குறைவை அளக்கும் எண்ணோ சறுக்குகிறது. கரும்புச்சீட்டு என்று ஒரு கிளாஸ், நான்கு மெத்தட்கள். மூன்று எடையைக் கையாளுகின்றன. நான்காவது, எடையைத் தொடாமல் லாரி வாடகையை மட்டும் அச்சிடுகிறது. மொத்தம் ஆறு ஜோடிகள்: பொதுத்தரவு உள்ளவை மூன்று, இல்லாதவை மூன்று. இல்லாததில் உள்ளதைக் கழித்தால் பூஜ்யம், அதாவது குறையே இல்லை! நான்கும் எடையையே கையாண்டாலும் அதே பூஜ்யம்தான், ஏனெனில் கழித்து வருவது எதிர்மறையானால் பூஜ்யமாகவே கொள்ளப்படும். வாடகைக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது இந்த அளவைக்குத் தெரியவே இல்லை.

சான்றுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 1996-இல் பசிலியின் ஆய்வுக்குழு, மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய எட்டு சி++ மென்பொருள்களைச் சோதித்து, ஆறு அளவைகளில் ஐந்து, பிழை வரும் கிளாஸை முன்கூட்டிக் காட்ட உதவுகின்றன என்றது. உதவாதது மேலே சொன்ன உள்ளொட்டு எண். 2001-இல் எல் எமாம் குழு கிளாஸின் பருமனைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, ஆராய்ந்த அளவைகளுக்கும் பிழைக்கும் இருந்த தொடர்பு கரைந்தது. பெரிய கிளாஸில் பிழையும் அதிகம், பிணைப்பும் அதிகம்: எடைமேடைக் கதை. 2003-இல் சுப்ரமணியமும் கிருஷ்ணனும் பருமனைக் கழித்த பிறகும் சில அளவைகளில் பொருள் எஞ்சுவதைக் கண்டார்கள். ஆனால் சி++-க்கும் ஜாவாவுக்கும் விளைவு வேறுபட்டது.

ஆகவே என் தீர்ப்பு: உள்ளொட்டு எண்ணை மூல வடிவில் கைவிடலாம். பிணைப்பு எண்ணை வைத்துக்கொள்ளலாம், ஒரே மொழியில், ஏறத்தாழ ஒரே பருமனுள்ள கிளாஸ்களுக்கிடையே மட்டும், எதை முதலில் திறந்து படிப்பது என்று முடிவெடுக்க. ஊழியரின் மதிப்பெண் அட்டையில் மட்டும் ஏற்றக் கூடாது. ஏற்றினால் மறுவாரமே எண் அதிகமுள்ள கிளாஸ் மூன்றாக உடையும், எண் இறங்கும். பிழை இருந்த இடத்திலேயே இருக்கும்.